குருகைப் படித்தோம், பார்த்தோமா?

ஜூன் விடுமுறையில் பறவை பார்க்கப் போகிறோம் என்றால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வடக்கிலிருந்து வரும் உள்ளான் கூட்டங்கள் செப்டம்பர் வாக்கில்தான் சிங்கப்பூரில் பெருகத் தொடங்கும். மார்ச்சுக்குப் பிறகு குறைந்துவிடும். ஜூனில் என்ன இருக்கப் போகிறது என்பார்கள். என் கருத்து வேறு. விருந்தாளிகள் இல்லாத நாளில்தான் வீட்டுக்காரர்களை நன்றாகப் பார்க்க முடியும்.

சென்ற விடுமுறையில் நண்பர்கள் நால்வர் ஒரே நாளில் மூன்று இடங்களைச் சுற்றினோம். காலையில் சுங்கை பூலோ. நீர் வற்றிய சேற்றில் சாம்பல் நாரை ஒன்று அரைமணி நேரம் அசையாமல் நின்றது. நாங்கள்தான் அசைந்தோம், கொசுக்கடி அப்படி! பிறகு கிராஞ்சி சதுப்புநிலம். அங்கே செந்நாரையும் நீலத் தாழைக்கோழியும். பிற்பகலில் புக்கிட் தீமா. 163 மீட்டர்தான் உயரம். மூச்சு வாங்கியது என்னவோ உண்மை. காட்டுக்குள் துடுப்புவால் கரிச்சான் எங்களுக்கு முன்னால் கிளைக்குக் கிளை தாவிச் சென்றது.

என்னை உறுத்தியது வேறொன்று. நால்வரும் தமிழ் மாணவர்கள். ஆனால் கண்ட பறவைகளுக்கெல்லாம் வாயில் வந்தது ஆங்கிலப் பெயர்தான். குறுந்தொகையில் கபிலர் களவு மணத்துக்குச் சாட்சியாக நிறுத்திய குருகைப் பற்றி நாம் மேடையில் பத்து நிமிடம் பேசுவோம். அதன் உறவுக்காரப் பறவை எதிரில் நின்றால் 'ஹெரோன்' என்கிறோம். மொழியை ஏட்டில் மட்டும் வைத்துக்கொண்டு தமிழ் வாழ்க என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெயர் தெரிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். சுங்கை பூலோவையே பாருங்கள். இறால் குளங்களாக இருந்த இடம் அது. 1986இல் பறவை ஆர்வலர்கள் சிலர் அதன் அருமையைக் கண்டு, காக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடினார்கள். 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. வெறும் 'பறவை' என்று சொல்லி யாரும் வாதாட முடியாது. எந்தப் பறவை என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. நாரைக்கும் கானாங்கோழிக்கும் தமிழில் பெயர் தயாராக இருக்கிறது. தமிழகத்தில் வாழாத பறவைகளுக்கு? புக்கிட் தீமா அடிவாரத்தில் கணீரென்று பாடிய ஒரு பறவை அப்படிப்பட்டது. மலாயில் அது பாராவ் பாராவ். வைக்கோல் நிறத் தலை, கொண்டைக்குருவி இனம். குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்ததால் தென்கிழக்காசியாவின் பல இடங்களில் அற்றுப்போய், 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூர் அதற்கு எஞ்சிய முக்கியப் புகலிடங்களில் ஒன்று. அறிவியல் பெயரில் 'இலங்கை' இருக்கிறது. இலங்கையிலோ அந்தப் பறவை கிடையாது! பெயர் வைத்தவர் இடத்தைத் தவறவிட்டார். நாம் பெயரே வைக்காமல் விட்டிருக்கிறோம்.

இந்த மண்ணின் பறவைகளுக்குச் சென்னையிலிருந்து பெயர் வரும் என்று காத்திருக்க வேண்டாம். நம் மொழிப் பேரவை ஆண்டுதோறும் நடத்தும் பட்டிமன்றத்தோடு, விடுமுறையில் ஒரு பறவை நடையும் நடத்தலாம். சுங்கை பூலோவில் நுழைவுக் கட்டணம்கூட இல்லை. இரண்டு தொலைநோக்கியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். முதல் ஐம்பது பறவைகளுக்குத் தமிழ்ப் பட்டியல் போடுவோம். மேற்சொன்ன பாடகனுக்கு 'வைக்கோல்தலைச் சின்னான்' என்பது என் பரிந்துரை. இதைவிட நல்ல பெயர் இருந்தால் கொண்டு வாருங்கள்.