பழைய ட்யூனர் கார்டு வாங்கப் போகிறீர்களா?

கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் நண்பர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். "பழைய டிவி ட்யூனர் கார்டு மலிவாக வருகிறது. மாடியில் ஆன்டெனா சும்மா கிடக்கிறது. இரண்டையும் இணைத்தால் ஓசியில் டிவி பார்க்கலாமே?" என்றார். வேண்டாம் என்றேன்.

அந்தக் கார்டு அனலாக் சிக்னலுக்கானது. தூர்தர்ஷன் தன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் 2022-க்குள் நிறுத்திவிட்டது. கார்டு நன்றாகவே இருக்கும். பிடிக்கத்தான் சிக்னல் இருக்காது.

இலவச டிவி இப்போது சாட்டிலைட்டில் வருகிறது. 2004-ல் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய டிடி ப்ரீ டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ், எல்என்பி, செட்டாப் பாக்ஸ் வாங்கும் செலவு ஒரு முறைதான். கம்ப்யூட்டரிலேயே பார்க்க வேண்டுமா? டிவிபி-எஸ்2 வகை ட்யூனர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஜிசாட்-15 சாட்டிலைட் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. கடலூரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, சுமார் 69 டிகிரி உயரத்தில். அந்தப் பக்கம் தென்னை மறைத்தால் படம் வராது.

இன்டர்நெட் இருக்கும்போது டிஷ் எதற்கு என்பீர்கள். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்தாலும் டிடி தமிழில் செய்தி வரும். 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்த அதே சேனல்தான்.

ஒரு குறை உண்டு. ப்ரீ டிஷ்ஷில் இந்திச் சேனல்களே அதிகம். தமிழ்ச் சேனல்கள் கூடினால்தான் நண்பரைப் போன்றவர்கள் மாதக் கட்டணத்திலிருந்து தப்பிப்பார்கள். பிரசார் பாரதி இதைக் கவனிக்க வேண்டும். நண்பர் இப்போது டிஷ் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.