கம்ப்யூட்டர் சொன்னால் கஷாயம் மருந்தாகுமா?

தஞ்சாவூர்ப் பக்கம் பல வீடுகளில் மாதவிடாய் வலி என்றால் சுக்குக் கஷாயம்தான். குடித்துவிட்டு நாற்று நட வயலில் இறங்கி விடுவார்கள். அந்தச் சுக்கில் என்ன இருக்கிறது என்று உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ‘இம்பாட்’ என்ற தகவல் தளத்தில், 2022-ல் வந்த பதிப்பின்படி 4,010 மூலிகைகளும் 17,967 வேதிப்பொருட்களும் உள்ளன. கட்டணம் கிடையாது.

வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாக, காக்ஸ்-2 என்ற என்சைம் உடலில் வேலை செய்கிறது. மூலிகைப் பொருள் அந்த என்சைமின் பள்ளத்தில் போய்ப் பொருந்துமா என்று கணக்கிடுவதுதான் டாக்கிங். ‘ஆட்டோடாக் வினா’ என்ற இலவச சாஃப்ட்வேர் சாதாரண பிசியிலேயே சில நிமிடங்களில் -8, -9 என்று மதிப்பெண் கொடுத்து விடும். மைனஸ் கூடினால் பிடிப்பு பலம். முதல் ரிசல்ட்டைப் பார்த்ததும் மருந்தே கண்டுபிடித்து விட்டதாக நானும் நினைத்தேன்!

ஆனால் குடித்ததில் எவ்வளவு ரத்தத்தில் சேரும், கல்லீரல் எவ்வளவை விட்டு வைக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. மனிதர்களிடம் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இஞ்சிக்கு அது நடந்திருக்கிறது. ஈரானில் 150 மாணவிகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில் இஞ்சி கேப்ஸ்யூல், மெஃபனமிக் ஆசிட், ஐபுபுரூஃபன் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வலியைக் குறைத்தன. ஆயிரம் டாக்கிங் ரிசல்ட்டை விட எனக்கு இது பெரிது.

‘கம்ப்யூட்டர் நிரூபித்த மூலிகை’ என்று யாராவது விற்றால், எத்தனை பெண்களிடம் சோதித்தார்கள் என்று கேளுங்கள். மாதாமாதம் எழுந்திருக்க முடியாத வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம். அதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும்.