பல்கலைக்கழக அஞ்சலும் வீட்டுக் கணினியும்

நம் பிள்ளைகளின் ஆய்வேட்டுத் திருத்தங்கள், பேராசிரியர்களின் மறுமொழிகள், உதவித்தொகை ஆணைகள் யாவும் இன்று பல்கலைக்கழகம் அளித்த மின்னஞ்சல் கணக்கிலேயே தங்கியுள்ளன. படிப்பு முடிந்தபின் அக்கணக்கைப் பல நிறுவனங்கள் மூடிவிடுகின்றன. ஆகவே அம்மடல்களை வீட்டுக் கணினிக்குக் கொணரும் வழியை நாம் அறிந்திருத்தல் நலம்.

தண்டர்பேர்டு என்னும் மென்பொருள் இதற்குப் போதும், விலையின்றிக் கிடைக்கிறது. பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்டபின், அஞ்சலைப் பெறும் முறை யாதென வினவும். இங்கேதான் நிதானம் வேண்டும். பாப் என்னும் பழைய முறை, மடல்களை இறக்கியதும் வழங்கிக் கணினியிலிருந்து அகற்றிவிடக்கூடும். பிறகு வீட்டுக் கணினி பழுதானால் மடல்களும் போயின! 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமேப் முறையோ, மூலத்தை வழங்கியிலேயே வைத்து, கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே அஞ்சற்பெட்டியைக் காட்டுகிறது. இதையே தேர்க. போர்ட் எண் 993. அனுப்புவதற்குப் பெரும்பாலும் 587.

சரியான கடவுச்சொல்லைத் தந்தும் கதவு திறவாமை பலரை மலைக்க வைக்கிறது. மைக்ரோசாஃப்ட் சேவையில் அஞ்சல் பெறுவதற்கு வெறும் கடவுச்சொல் போதும் என்ற நிலை 2022 அக்டோபர் முதல் படிப்படியாக நீக்கப்பட்டது. சரிபார்ப்பு முறையில் 'ஓஆத்2' என்பதைத் தேர்ந்தால் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கமே திரையில் தோன்றும். (சில நிறுவனங்கள் இதற்கும் இசைவதில்லை, அவற்றின் கணினிப் பிரிவை அணுகுவதே வழி.)

ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்த மடல் எவ்விடத்தும் அழியும்; மூடிய கணக்கின் மடல்களையும் நம்பியிருக்க இயலாது. எனவே வேண்டியவற்றைக் கணினியிலுள்ள 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குப் படியெடுத்தல் வேண்டும். அதுவும் பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே.