ஒரு மைல் ஆழத்தில் ஒரு சொத்து

நம் ஊரில் கிணறு வெட்டுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வருவோம். அவர் வேப்பங்குச்சியையோ தேங்காயையோ ஏந்திக்கொண்டு தோட்டமெல்லாம் நடப்பார். குச்சி சுழன்றால் தண்ணீர். சுழலாவிட்டால் அவருக்குக் காப்பி, நமக்கு ஏமாற்றம்!

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்துக் குடியானவர்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அவர்கள் தேடும் பொருள் ஐயாயிரம், எட்டாயிரம் அடி ஆழத்தில் கிடக்கிறது. அது தண்ணீரும் அல்ல, இயற்கை வாயு. முன்பு யாரும் தனியாகப் பிரித்து விற்றுவிடாத பட்சத்தில், பூமிக்கு அடியில் உள்ளதும் அங்கே நிலச் சொந்தக்காரருக்கே சொந்தம். ஆகவே, "நம் நிலத்துக்குக் கீழே கிடப்பது என்ன பெறும்?" என்பது அங்கே சாப்பாட்டு மேஜைப் பேச்சாகிவிட்டது.

கீழே இருப்பது 'மார்செல்லஸ்' என்ற கரிய ஷேல் பாறை. சுமார் 39 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி, ஏடு ஏடாகப் பிளக்கும் களிப்பாறையாகிவிட்டது. அதற்குள் வாயு இருக்கிறது என்பது பழைய சமாசாரந்தான். வெளியே வரத்தான் மறுத்தது. 2004-ல் அந்த ராஜ்யத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் ஜில்லாவில், தண்ணீரையும் மணலையும் மகா வேகத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து பார்த்தார்கள், வாயு வந்தது. 2008-ல் டெர்ரி எங்கல்டர், கேரி லாஷ் என்ற இரண்டு பேராசிரியர்கள், மொத்தப் படிவில் 500 லட்சம் கோடி கன அடி வரை வாயு இருக்கலாம் என்றும், அதில் பத்தில் ஒரு பங்கு கைக்கு எட்டும் என்றும் மதிப்பிட்டார்கள். அவ்வளவுதான்! 'லாண்ட்மேன்' என்னும் கம்பெனி ஏஜெண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஆரம்பத்தில் டிமாக் என்ற கிராமத்தில் ஏக்கருக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. 2008 கோடையில் அக்கம்பக்கத்தில் விலை இரண்டாயிரம் டாலரைத் தாண்டியபோது அவர்கள் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மதிப்பை எப்படித்தான் அறிவது? பாறை எவ்வளவு கனம், எவ்வளவு ஆழம், பூமியின் சூட்டில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆமாம், சமையல்தான்! குறைவாக வெந்தால் எண்ணெய், பதமாக வெந்தால் வாயு, தீய்ந்துபோனால் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து நிலத்துக்கும் நம் நிலத்துக்கும் பாறை ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் பத்திரத்தில் இருக்கிறது.

ஒரு வழக்கைக் கேளுங்கள். 1881-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றில், நிலத்தை விற்றவர் "கனிப்பொருள்களிலும் பெட்ரோலிய எண்ணெய்களிலும் பாதி எனக்கு" என்று எழுதி வைத்திருந்தார். அவருடைய வாரிசுகள் நூற்றிருபது வருஷங்களுக்கு மேல் கழித்து, ஷேல் வாயுவிலும் பாதி கேட்டார்கள். கனிப்பொருள் என்றால் அதில் வாயு சேராது, வாயு என்று தனியாக எழுதியிருக்க வேண்டும் என்று 2013-ல் ராஜ்ய ஸுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒரு வார்த்தை இல்லாததால் வந்த வினை!

குத்தகையிலும் இப்படித்தான். 1979-ஆம் வருஷத்துச் சட்டம், சொந்தக்காரருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு தர வேண்டும் என்கிறது. 640 ஏக்கர் வட்டத்தில் உங்களுக்கு 100 ஏக்கர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிணறு தினம் 30 லட்சம் கன அடி தருகிறது. ஆயிரம் கன அடி 3 டாலர். மொத்தம் 9,000 டாலர். எட்டில் ஒன்று 1,125. அதில் உங்கள் பங்கு சுமார் 175 டாலர். தினம்! மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் வாயுவைச் சுத்தம் செய்து குழாயில் கொண்டுபோகும் செலவைக் கழித்துவிட்டு எட்டில் ஒன்று கணக்கிடலாம் என்று 2010-ல் அதே கோர்ட் சொல்லிவிட்டது. "கழிக்கக் கூடாது" என்று குத்தகையில் எழுதி வாங்கியவர் தப்பினார். மேலும், முதல் வருஷத்திலேயே வாயு பாதிக்கு மேல் குறைந்துவிடும். 2008 கோடையில் பன்னிரண்டு டாலருக்கு மேல் விற்ற அதே அளவு வாயு 2012 ஏப்ரலில் இரண்டு டாலருக்குக் கீழே இறங்கியது.

எல்லைக்கு வடக்கே நியூயார்க் ராஜ்யத்திலும் அதே பாறைதான். மார்செல்லஸ் என்ற பெயரே அங்குள்ள ஊரின் பெயர். ஆனால் இவ்விதம் பாறை பிளப்பதை அந்தச் சர்க்கார் 2014 டிசம்பரில் தடை செய்வதாக அறிவித்தது. அதோடு அங்குள்ள குடியானவர்களின் கணக்கெல்லாம் காகிதத்தோடு நின்றது.

கணக்கில் வராத ஐட்டம் ஒன்று உண்டு: வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். 2009 ஜனவரி 1-ந் தேதி, டிமாக்கில் ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு, உள்ளே வாயு சேர்ந்து வெடித்தது. அதனால் இப்போது விவரம் தெரிந்தவர்கள், துளை போடுவதற்கு முன்பே தண்ணீரைச் சொந்தச் செலவில் பரிசோதித்துக் காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். "உங்கள் தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது" என்பது கம்பெனி சொல்லும் முதல் பதில் அல்லவா? டிமாக் விவகாரத்தில் கம்பெனி குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று கோர்ட்டில் சொல்லி, கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் பணம் கட்டச் சம்மதித்தது 2022 நவம்பரில்தான். அதற்குள் பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது.