வம்சப் பெருமையும் பொதுச் சரித்திரமும்

முன்னோரைப் போற்றுதல் மக்களனைவர்க்கும் பொதுவான இயல்பு. ஆனால் அப்போற்றுதல் சில குடும்பங்களின் அலங்காரமாக நின்றுவிடுகிறதா, தேசத்தாருக்குக் கல்வியாகப் பயன்படுகிறதா என்பதே கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1891-ம் வருஷம் ஸ்தாபிக்கப்பெற்ற 'கொலோனியல் டேம்ஸ்' என்னும் மாதர் சங்கத்தின் வரலாறு இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்றதோர் உதாரணம்.

அந்நாடு பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலத்தில், அதாவது 1776-க்கு முன்னர், பொதுக் காரியங்களில் உழைத்த முன்னோர் ஒருவரின் வழியில் வந்த ஸ்திரீகளே இச்சங்கத்தில் அங்கத்தினராகலாம். இவ்விதியைக் கேட்ட மாத்திரத்தில், 'இது வெறும் குலச்செருக்கு' என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவ்வாறு அவசரப்படுதல் நியாயமன்று. செய்த காரியத்தைக் கொண்டே ஒரு சங்கத்தை மதிக்க வேண்டும்.

அம்மாதர் செய்த காரியங்கள் அற்பமானவையல்ல. வாஷிங்டன் நகரில் தங்கள் தலைமை நிலையமான டம்பார்ட்டன் மாளிகையை 1928-ல் விலைக்கு வாங்கிக் காப்பாற்றி, பொதுஜனங்கள் பார்வையிடும் காட்சிச்சாலையாக்கினார்கள். ஜார்ஜ் மேஸன் வாழ்ந்த கன்ஸ்டன் மாளிகை வர்ஜீனியா ராஜ்யத்துக்குச் சொந்தம். அதன் நிர்வாகத்தை இச்சங்கத்து மாதரே நடத்துகிறார்கள். பள்ளி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டிகளும், தாதித் தொழில் பயிலும் ஆதிக்குடி மாணவர்க்கு உபகாரச் சம்பளமும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். சர்க்கார் கைநீட்டும் வரை காத்திராமல் பழைமையைக் காத்த இந்த ஊக்கம் பாராட்டத்தக்கதே.

எனினும், கட்டிடத்தைக் காப்பது பாதிக் கடமைதான். அது உரைக்கும் சரித்திரத்தை மறைக்காமல் உரைப்பது மற்றப் பாதி. 1907-ல் ஜேம்ஸ்டௌன் குடியேற்றத்தின் 300-வது ஆண்டில், இச்சங்கத்தார் அங்கிருந்த பழைய கோயிலின் அஸ்திவாரத்தின்மேல் ஒரு ஞாபகார்த்தக் கோயில் எழுப்பினார்கள். 1619-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி வர்ஜீனியாவின் முதல் பிரதிநிதி சபை கூடிய இடம் அதுவே. அதே வருஷம் ஆகஸ்டு மாத இறுதியில், ஆப்பிரிக்கர் இருபது பேருக்குச் சற்று மேற்பட்டோர் சிறைப்பட்டு வர்ஜீனியாக் கரையில் இறக்கப்பட்டனர். பிரதிநிதித்துவம் பிறந்த கோடையிலேயே அடிமைத்தனமும் கால்வைத்தது. முதலாவதை மட்டும் கற்பித்து இரண்டாவதை விட்டுவிடும் ஆசிரியர் சரித்திரம் போதிப்பவராகார்.

மேஸனுடைய வாழ்க்கையும் இதையே காட்டுகிறது. மனிதர் யாவரும் இயல்பாகவே சம சுதந்தரமுடையவர் என்று 1776-ல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர் அவர். 1787-ல் அரசியல் நிர்ணய சபையில் அடிமை வியாபாரத்தைக் கண்டித்தவரும் அவரே. ஆயினும் அவருடைய வயல்களில் பாடுபட்டவர்கள் அடிமைகள். அந்த அடிமைகளைப் பற்றிய ஆராய்ச்சி இன்று அவருடைய மாளிகையிலேயே நடந்துவருவது மகிழ்ச்சிக்குரியது.

'முன்னோரின் குற்றத்தை எடுத்துரைத்தால் சிறுவர்க்குத் தேசபக்தி குறைந்துவிடாதா?' என்று சிலர் கேட்கலாம். குறையாது என்பதே நமது துணிபு. மறைத்துக் காட்டிய பெருமை, உண்மை வெளிப்படும் அன்றே சரிந்து விழும். குற்றம் குணம் இரண்டையும் அறிந்து வளர்ந்த பக்தியோ எளிதில் அசையாது.

அங்கத்தினரை வம்சத்தைக் கொண்டு தெரிந்தெடுப்பது சங்கத்தின் உள்விவகாரம். அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் அவர்கள் காக்கும் வீடுகள் தேசத்துக்குரியவை. அங்கே எதைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கும்போது, அவ்வீடுகளில் அடிமைகளாய் உழைத்தவரின் சந்ததியாரும் சரியாசனத்தில் அமர வேண்டும். 2026-ம் ஆண்டு அமெரிக்க சுதந்தரப் பிரகடனத்தின் 250-வது ஆண்டு. பிரகடனத்தில் கண்ட சமத்துவத்தை அம்மாளிகைகளின் பாடத்திலும் நிலைநாட்டுவதே அந்த ஆண்டுக்கு அழகு. கட்டிடத்துக்கு உரியவன் அதன் எஜமானன் மட்டுமல்ல. அதற்குக் கல் சுமந்தவனும் உரியவனே.