புயலில் பாடியவர்கள்

1736 ஜனவரி. அட்லாண்டிக் கடலில் 'சிம்மண்ட்ஸ்' என்ற கப்பல் புயலில் சிக்கியது. பெரிய பாய் கிழிந்தது. அலை தளத்தைத் தாண்டி உள்ளே கொட்டியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவிய சபையார் மட்டும், தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடி முடித்தார்கள். ஆங்கிலேயப் பாதிரியார் ஒருவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெண்களும் குழந்தைகளும் பயப்படவில்லையா என்று பிறகு கேட்டார். சாவதற்கு அவர்கள் பயப்படுவதில்லை என்று பதில் வந்தது. கேட்டவருக்கோ பயம் இருந்தது. அதுதான் அவரை உறுத்தியது. அவர் பெயர் ஜான் வெஸ்லி. வயது 32.

பக்தியில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. தரங்கம்பாடி மிஷனரிகளின் அனுபவங்களைப் படித்து நெகிழ்ந்த தாய் சுசன்னா, 1712-இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, கடவுளைப் பற்றிப் பேசி வளர்த்த வீடு அது. ஜானுக்கு வியாழக்கிழமை. ஆக்ஸ்போர்டில் அவரும் தம்பி சார்லசும் புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார்கள். சிறைக் கைதிகளைப் பார்க்கப் போனார்கள். ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். நேரத்தைக் கூடக் கணக்கு வைத்து வாழ்ந்ததால் சக மாணவர்கள் கிண்டலாக வைத்த பெயர்தான் 'மெதடிஸ்ட்'. ஆனால் எவ்வளவு சேர்த்தாலும் 'இது போதும்' என்று அந்தக் கணக்கு சொல்லவே இல்லை.

ஜார்ஜியாவில் ஊழியமும் தோற்றது. விரும்பிய பெண் வேறொருவரை மணந்தாள். அவளுக்கு நற்கருணை மறுத்து வழக்கில் சிக்கி, 1737 டிசம்பரில் அங்கிருந்து கிளம்பினார். பழங்குடியினரை மனந்திருப்பப் போன தன்னை யார் மனந்திருப்புவது என்று நாட்குறிப்பில் புலம்பினார்.

1738 மே 24. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். மனமில்லாமல்தான் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார். இரவு எட்டே முக்கால் மணி இருக்கும். இரட்சிப்புக்குத் தான் கிறிஸ்துவை மட்டுமே நம்புவதாகவும், தன் பாவங்களை அவர் நீக்கிவிட்டதாகவும் வெஸ்லிக்கு உறுதி பிறந்தது. நெஞ்சில் இனம்புரியாத ஒரு கதகதப்பு பரவியதாக எழுதி வைத்தார்.

புதிய போதனை அல்ல. மனிதன் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் நீதிமானாகிறான் என்பது பவுல் சொன்னது. எர்ஃபர்ட் மடத்தில் உபவாசத்தாலும் ஓயாத பாவசங்கீர்த்தனத்தாலும் உடலை வருத்திக்கொண்ட லூதரும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். இரட்சிப்பு கூலி அல்ல, கொடை. கூலி என்றால் வேலை போதுமா என்ற கவலை தீராது. கொடை என்றால் கை நீட்டினால் போதும். ஆனால் வாழ்நாள் முழுவதும் சம்பாதித்தே பழகியவனுக்குக் கை நீட்டுவதுதான் கடினம். வெஸ்லிக்கும் ஒரே இரவில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1739 ஜனவரியில், தான் இன்னும் கிறிஸ்தவனே அல்ல என்று எழுதினார்.

அப்படியானால் சும்மா இருந்தாலே போதுமா? அந்தக் கேள்வியும் வந்தது. முழு விசுவாசம் வரும்வரை ஜெபம், நற்கருணை எதுவும் வேண்டாம், அமைதியாகக் காத்திருங்கள் என்று லண்டனில் மொரேவியர் சிலர் போதித்தார்கள். பாடிக் காட்டி அவரைத் திருப்பிய அதே சபையார்தான். ஆனாலும் 1740-இல் வெஸ்லி அவர்களை விட்டு விலகினார். தேவாலயங்கள் கதவடைத்தபோது திறந்தவெளியில் நின்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தார். 1774-இல் அடிமை வணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். ஆக்ஸ்போர்டில் உழைத்ததைவிட அதிகமாகவே உழைத்தார். முன்பு இரட்சிப்பைப் பெறுவதற்காக உழைத்தார்; இப்போது பெற்றுவிட்டதற்காக உழைத்தார்.

இந்த ஒரு கேள்விக்காகப் பிரிந்த சபைகள் நெருங்கி வர நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இரட்சிப்பு கிருபையால் கிடைக்கிறது, நற்செயல் அதன் கனி என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். 2006-இல் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வெஸ்லி 1791 மார்ச் 2 அன்று, 87 வயதில் காலமானார். அதற்கு முந்தின நாள், எழவும் பலமில்லாமல் படுத்திருந்தவர் திடீரென்று பாடத் தொடங்கினார் என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் பயப்படவில்லை.