நெல் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்

"நெல்லு சூடேறினா ஈரம் தானா வத்திரும், படங்கைப் போட்டு மூடுங்க." வெட்டுக் காலம் வந்தால் எங்கள் பக்கத்து வட்டைகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்க முடியாது. இன்னொரு கூட்டம், "இந்த வெயிலுக்குப் பூஞ்சணம் எங்க பிடிக்கப் போகுது" என்கிறது. இரண்டும் பிழை. வெள்ளாமைக்காரரின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள். இதைச் சொல்லாமல் இருக்க எங்களால் முடியாது.

பூஞ்சணம் என்றால் பாண் துண்டில் பச்சையாகப் படர்வது, குளிர்ந்த ஈரமான மூலையில் வளர்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சூட்டை விரும்பும் பங்கசுகளும் இருக்கின்றன. 1899 இல் சிக்லின்ஸ்காயா என்ற ரஷ்யப் பெண் ஆய்வாளர் அப்படி ஒன்றைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் தெர்மோமைசிஸ் லனுஜினோசஸ். 20 பாகைக்குக் கீழே வளரவே மறுக்கும், 60 பாகை வரை தாங்கி வளரும். (இதிலிருந்து எடுத்த நொதியத்தைத்தான் சலவைத் தூளில் எண்ணெய்க் கறை நீக்கச் சேர்க்கிறார்கள். அல்லாஹ் வீணாக எதையும் படைக்கவில்லை. அதற்குரிய இடம் எங்கள் அரிசி இல்லை, அவ்வளவுதான்.)

குவியலுக்குள் நடப்பதைப் பாருங்கள். வெட்டு மெசினில் இருந்து கொட்டும் நெல்லில் ஈரப்பதன் 20 வீதத்துக்கு மேலேதான் இருக்கும், மழை நேரம் என்றால் 25 கூட. பாதுகாப்பாக வைக்க 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலே கொஞ்ச ஈரத்தில் பிழைக்கும் அஸ்பர்ஜிலஸ் வகைகள் வேலையைத் தொடங்கிவிடும. அவையும் சுவாசிக்கின்றன, ஈரநெல்லும் சுவாசிக்கிறது. சுவாசித்தால் காபனீரொட்சைட்டு மட்டுமல்ல, நீரும் வெப்பமும் வெளிவரும். உமி வெப்பத்தை வெளியே விடாது. ஆகவே குவியலின் நடுவில் சூடும் கூடுகிறது, ஈரமும் கூடுகிறது. "தானா வத்திரும்" என்ற கதை இங்கேயே முடிந்துவிட்டது. நடுவில் இருந்து எழும் ஆவி மேற்பரப்பில் படங்குக்கு அடியில் குளிர்ந்து மறுபடி நீராகி அங்குள்ள நெல்லை நனைக்கும். விடியற்காலை படங்கைத் தூக்கினால் உள்பக்கம் வியர்த்திருப்பதைக் கண்டவர்கள் நிறையப் பேர்.

சூடு ஏற ஏற, முதல் வந்தவை செத்து அடுத்தவை குடியேறும். பிளேவஸ் வரும், பிறகு 50 பாகையிலும் வளரும் பியூமிகேட்டஸ் வரும், அதற்குப் பின் தெர்மோமைசிஸ் போன்றவை. அவையும் தாங்காத சூட்டில் பக்டீரியாக்கள் 70 பாகைக்கு மேலும் கொண்டு போகும். கூட்டெருக் குவியலில் ஆவி பறப்பதும் இதே வேலைதான். சூடான நெல் காய்கிற நெல் இல்லை, மக்குகிற நெல். அரிசி மஞ்சளாவது அதனால்தான். அதில் விதைநெல் எடுத்து வைத்தவர் அடுத்த போகத்தில் முளைக்காத நாற்றைப் பார்த்து விதை விற்றவரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

"சரி, பழுதானதைக் கோழிக்குப் போடுவோம்" என்பார்கள். கொஞ்சம் வரலாறு கேளுங்கள். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் தேடிப் போனபோது பிரேசிலில் இருந்து வந்த பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கில்தான் அப்லாடொக்சின் அகப்பட்டது. அந்த நஞ்சை உலகுக்குக் காட்டிக் கொடுத்ததே கோழி இனம்தான்! அதை உண்டாக்குவது மேலே சொன்ன பிளேவஸ். சோளம், கச்சான் அளவுக்கு நெல்லில் அது சேர்வதில்லை, உண்மை. ஆனால் சூட்டில் பங்கசு செத்தாலும் அது விட்டுப்போன நஞ்சு சாகாது. அவித்தாலும் முழுதாகப் போகாது. 2021 இல் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் இதே அப்லாடொக்சின் என்றதும் முகநூலில் கொந்தளித்தவர்கள் நாங்கள் எல்லோரும். வீட்டுக் களஞ்சியம் என்றால் மட்டும் அமைதி.

குவியலைக் கிளறும் கூலியாட்களை யாராவது நினைக்கிறார்களா? மூக்கை மூட ஒரு துணிகூட இல்லாமல் அந்தத் தூசைச் சுவாசிக்கிறார்கள். பியூமிகேட்டஸின் வித்திகள் நுரையீரலுக்குள் போகக்கூடியவை. தொய்வு உள்ளவருக்கு அது சும்மா தும்மலோடு போகாது.

மார்க்கத்துக்கு வருவோம். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்கள் நனைந்தன. வியாபாரி மழையைக் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்ல என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸ் ஜும்ஆ குத்பாவில் எத்தனை தரம் வந்திருக்கும்! தராசுக்கும் வட்டிக்கும் உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அது நனைந்த தானியத்தைப் பற்றியது, மழையைச் சாட்டுச் சொன்ன வியாபாரியைப் பற்றியது. காய்ந்த நெல்லுக்குள் ஈரநெல்லைக் கலந்து மூடை தைப்பவருக்கு இதைவிட நேராக என்ன சொல்ல வேண்டும்?

ஸகாத்தும் அப்படியே. எங்கள் ஷாபிஈ மத்ஹபில் தானியத்துக்கு ஸகாத் வருவது அது சேமித்து வைக்கக்கூடிய பிரதான உணவு என்பதால். காய வைத்துத் தூற்றிச் சுத்தமாக்கிய பிறகே கொடுக்க வேண்டும். மஞ்சள் விழுந்த அரிசியை ஒதுக்கி வைத்துப் பித்ராவுக்கு அளந்து கொடுப்பவர்கள் யாருக்குக் கணக்கு முடிக்கிறார்கள்?

வெள்ளாமைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போவது அநியாயம். மெசின் வரும் நாளை அவன் தீர்மானிப்பதில்லை. மாசி மழையும் அவனைக் கேட்டு வருவதில்லை. நெல் சந்தைப்படுத்தல் சபை 14 வீதத்தில் கொண்டு வா என்கிறது. எங்கே காய வைப்பது? றோட்டில்தான். அதில் சறுக்கி விழும் மோட்டார் சைக்கிள்காரர் வேறு. வியாபாரி ஈரத்தோடு வாங்கி, கழிவு என்று விலையை அடித்து, பிறகு தானே ஸ்டோரில் அம்பாரமாகக் குவிக்கிறார். 2015 இல் மத்தள விமான நிலையத்திலேயே நெல் மூடை அடுக்கிய நாடு இது. கூரை இருந்தால் களஞ்சியம் என்று நினைப்பவர்களிடம் உலர்த்தும் இயந்திரம் கேட்டால் சிரிப்பார்கள்.

சிரித்தாலும் கேட்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் கேட்க வேண்டும். மினாராவுக்கு வசூல் செய்யத் தெரிந்த ஊருக்கு ஒரு சீமெந்துக் காயவிடும் களமும் ஒரு ஈரப்பதன் மீட்டரும் வாங்க முடியாதா? அது வரும்வரை செய்யக்கூடியவை சில்லறை வேலைகள்தான். மூடைக்கு அடியில் பலகை போடுங்கள், சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், வெயில் வந்தவுடன் படங்கைத் திறந்து கிளறுங்கள். ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் குத்திக் கால் மணித்தியாலம் விட்டு உருவித் தொட்டுப் பாருங்கள். கம்பி சுட்டால் அன்றைக்கே குவியலை உடைத்துப் பரப்புங்கள், அடுத்த நாள் என்று வைக்காதீர்கள்.